கிரெடிட் கார்டு பாக்கி: கட்டாமல் விடுவதா, செட்டில்மென்டா, கடனை மாற்றுவதா?

"கட்டாம விட்டா என்ன செஞ்சிடுவாங்க? சிவில் கேஸ்தானே! மூணு வருஷம் ஓட்டிட்டா காலாவதி ஆயிடும்." கிரெடிட் கார்டு பாக்கி லட்சத்தைத் தாண்டியதும் எங்கிருந்தாவது இந்த யோசனை வந்து சேர்ந்துவிடுகிறது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் கார்டு கடன் சிவில் விவகாரம்தான். மூன்று வருடக் காலவரம்பு என்பதும் இருக்கிறது. இவை யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

கட்ட வழியில்லாதவரையும் கட்ட மனமில்லாதவரையும் நம் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வழியில்லாதவருக்கு அது பல பாதுகாப்புகளைத் தருகிறது. பணத்தை வைத்துக்கொண்டே நிறுத்தியவர் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு நிற்கும்போது, "உன்னிடம் இருந்ததா, இல்லையா" என்ற கேள்வியிலேயே தோற்றுவிடுகிறார். எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முன், தான் இந்த இருவரில் யார் என்று அவரவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். கட்டாமல் விடும் யோசனையைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். சம்பளம் வருகிறது, ஆனால் போதவில்லை. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கானது.

முதலில் கணக்கு

ஒரு லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை. 3.5 என்று எடுத்தால் மாதத்துக்கு 3,500 ரூபாய். கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 630. ஆக மாதம் 4,130 ரூபாய் கட்டினால் கடன் இருந்த இடத்திலேயே இருக்கும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஸ்டேட்மென்ட்டில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லியிருக்கும் மினிமம் தொகையை மட்டும் கட்டுகிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். மினிமம் 5,000 ரூபாய் என்றால் அதில் அசலுக்குப் போவது 870 ரூபாய். அந்த மாதம் அதே கார்டில் ஆயிரம் ரூபாய்க்கு ஏதாவது வாங்கினால் கடன் ஏறத்தான் செய்யும். பழைய பாக்கி முழுதாகத் தீராதவரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். மினிமம் கட்டுவதில் கிடைக்கும் ஒரே லாபம், நம் கடன் வரலாற்றைச் சொல்லும் கடன் தகவல் அறிக்கையில் கறை படாது என்பது. இரண்டு மூன்று மாத நெருக்கடியைத் தாண்டுவதற்கு அது சரி. வருடக்கணக்கில் அதையே செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இதே ஒரு லட்சத்துக்கு 16 சதவீத வட்டியில் மூன்று வருடத் தனிநபர் கடன் எடுத்தால் மாதத் தவணை சுமார் 3,516 ரூபாய். கார்டில் கடனை நகராமல் வைத்திருக்க ஆகும் செலவைவிட, மூன்று வருடத்தில் முழுதாகத் தீர்த்துவிடும் தவணை குறைவு. மொத்த வட்டி ஏறத்தாழ 26,500. அடுத்து வரும் ஒப்பீடுகளில் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே கட்டாமல் ஒரு வருடம் விட்டால்? வட்டியோடு வட்டி சேர்ந்து அசலும் வட்டியுமாக 1,51,000 ரூபாயை எட்டும். ஜிஎஸ்டி சுமார் 9,000. தாமதக் கட்டணம் தனி. கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு நெறிமுறை சொல்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஸ்டேட்மென்ட்டை எடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

இவ்வளவு வட்டி அநியாயம், கோர்ட்டில் நிற்காது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அந்தக் கதவு மூடியாயிற்று.

கட்டாமல் விட்டால் நடப்பது

கெடு தேதி தாண்டி மூன்று நாள் வரை பெரிதாக எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சொல்லலாம். மினிமம் தொகை 90 நாள் வராவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதற்குள் போன் அழைப்புகள் தொடங்கியிருக்கும்.

ஆனால் முதல் அடி பெரும்பாலும் போனில் வருவதில்லை. கார்டு கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், அதிலுள்ள பணத்தை வங்கி கார்டு பாக்கிக்கு எடுத்துக்கொள்ள முடியும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கிக்கு அந்தப் பற்றுரிமையைத் தருகிறது. நாம் படிக்காமல் கையெழுத்திட்ட கார்டு ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும். கோர்ட், நோட்டீஸ் எதுவும் தேவையில்லை. வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் ஒரு காலையில் காணாமல் போயிருக்கும்.

அடுத்து கடன் தகவல் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒன்றில் ஏறினால் போதும் என்று வங்கிகள் விடுவதில்லை, நான்குக்கும் போகும். 2025 ஜனவரியில் தகவலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை வந்தது. எத்தனை நாள் தாமதம் என்பது மாதவாரியாக அதில் பதிவாகும். ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், 300-க்கும் 900-க்கும் இடையே எங்கே நிற்கிறது என்பதைவிட இந்த மாதவாரிப் பட்டியலைத்தான் கடன் அதிகாரிகள் உற்றுப் பார்ப்பார்கள்.

"எனக்கு இனிமேல் கடனே வேண்டாம், ஸ்கோர் எக்கேடு கெட்டால் என்ன" என்பவர்கள் உண்டு. கடன் மட்டுமென்றால் அந்த வாதத்தை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வங்கி வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் இப்போது கடன் வரலாறு கேட்கிறார்கள். கடன், கார்டு பாக்கிகளில் தவறியிருந்தார் என்பதற்காக ஒருவருடைய பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் அது சரியே என்றது. மற்றவர் பணத்தைக் கையாளும் வேலைக்கு வருபவரிடம் பண ஒழுங்கை எதிர்பார்ப்பதில் தவறில்லை என்பதே அதன் சாரம். படித்து முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், அந்தப் பிள்ளையின் பெயரில் கார்டு வாங்கிச் செலவழித்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வாராக்கடன் ஆன பிறகு வங்கி ஒரு கட்டத்தில் அதைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளும். "ரைட் ஆஃப் பண்ணிட்டாங்க, இனி கட்ட வேண்டாம்" என்று இதைக் கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கான ஏற்பாடு. கடன் தள்ளுபடி அல்ல. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு அந்தக் கடனை விற்கவும் செய்யலாம். அப்போது பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனம் நோட்டீஸ் அனுப்பும்.

மூன்று வருடக் கணக்கு எங்கே இடிக்கிறது

1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி பணக்கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம். அந்தக் காலத்துக்குள் வங்கி சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி வாரத்தில்கூட வழக்குப் போடலாம். தீர்ப்பு வந்துவிட்டால் அதை நிறைவேற்ற 12 வருடம். மூன்றைத் தாண்டிவிடலாம் என்று காத்திருந்தவர் பதினைந்தில் வந்து நிற்கிறார்.

கடிகாரம் நடுவில் திரும்பவும் பூஜ்யத்துக்குப் போகக்கூடியது. "நான் இவ்வளவு தர வேண்டியிருக்கிறது, அவகாசம் கொடுங்கள்" என்று காலவரம்புக்குள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் அது கடனை ஒப்புக்கொண்டதாகும். அன்றிலிருந்து புதிய மூன்று வருடம். பகுதித் தொகை கட்டி அதற்கு எழுத்துச் சான்று இருந்தாலும் அப்படியே. மூன்று வருடம் முடிந்த பிறகும் கூட, பழைய கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைச் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக்கிவிடுகிறது. வசூல் முகவர்கள் "ஒரு ஐந்நூறு ரூபாயாவது கட்டுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உண்மையிலேயே யாரும் வழக்குப் போடாமல் மூன்று வருடம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கடன் அழிவதில்லை. கோர்ட் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. கடன் தகவல் அறிக்கையில் பாக்கி தொடர்ந்து நிற்கும். அந்தத் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருப்பது அந்த நிறுவனங்களின் கடமை.

வழக்கு என்று வந்தால்

சிறு தொகைக்கு வங்கி வழக்குப் போடாது என்பது பல நேரங்களில் உண்மை. வழக்குச் செலவே கட்டுப்படியாகாது. ஆனால் யார் மேல் போடும் என்று யோசித்துப் பாருங்கள். நிரந்தர வேலை, பிடித்தம் செய்யக்கூடிய சம்பளம், பெயரில் ஒரு மனை உள்ளவர் மேல் போடும். எதுவும் இல்லாதவரிடம் வங்கியே பேசி முடிக்கப் பார்க்கும். வேண்டுமென்றே கட்டாமல் இருக்கும் வசதி உள்ளவர் யாரோ அவர்தான் வழக்குப் போடத் தகுந்தவர்.

கடன் மீட்புத் தீர்ப்பாயம் 20 லட்சத்துக்குக் குறையாத கடன்களுக்கானது. அதனால் கார்டு வழக்குகள் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்கோ, ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தால் கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர் முன்போ போகும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளையின்படி சுருக்கமுறை வழக்காகப் போட்டால், சம்மன் கிடைத்த பத்து நாளில் ஆஜராவதைத் தெரிவிக்க வேண்டும். "கவர் வந்துச்சு, பிரிக்கல" என்று சொன்னால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். பொய்யாக ஏறிய வட்டி, செய்யாத செலவு என்று சொல்ல ஆயிரம் இருந்திருக்கலாம். சொல்ல வேண்டிய நாளில் போகாதவருக்கு அது எதுவும் உதவாது.

தீர்ப்புக்குப் பின் சம்பள ஜப்தி. அதற்கும் கணக்கு இருக்கிறது. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 40,000 ரூபாய் ஜப்திக்குரிய சம்பளம் என்றால் மாதம் 13,000 வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது. அதற்குள் மூன்று லட்சத்துக்கு மேல் போயிருக்கும். ஆரம்பத்திலேயே தனிநபர் கடனுக்கு மாற்றியிருந்தால் மாதம் 3,516-இல் முடிந்திருக்க வேண்டியது.

சொத்தை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ எழுதிவைத்துவிட்டால்? கடன்காரரை ஏய்க்கும் நோக்கத்தில் செய்த மாற்றத்தைச் செல்லாததாக்க 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இருக்கிறது. அது மட்டுமில்லை. அப்படி எழுதிவைத்த பத்திரமே "இவர் வேண்டுமென்றே செய்தார்" என்பதற்கு எதிராளி கையில் சாட்சியாகும்.

ஜெயில் உண்டா?

கார்டு பாக்கிக்காகப் போலீஸ் வந்து பிடிக்காது. வாட்ஸ்அப்பில் வரும் "கைது வாரண்ட்" படங்களைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. 25 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கான "வேண்டுமென்றே கடன் தவறியவர்" என்ற ரிசர்வ் வங்கி வகைப்பாடும் சாதாரண கார்டுதாரரைத் தொடாது.

இருந்தாலும் மூன்று இடங்களில் சிவில் விவகாரம் கிரிமினலை உரசும். ஒன்று, பாக்கிக்காகச் செக் கொடுத்து அது திரும்பினால். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு அபராதம், அல்லது இரண்டும். இரண்டு, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க அனுமதி கொடுத்துவிட்டுப் பணம் இல்லாமல் அது திரும்பினால் 2007-ஆம் ஆண்டு பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏறத்தாழ அதே தண்டனையைச் சொல்கிறது. மூன்றாவதுதான் வேண்டுமென்றே கட்டாதவருக்கு உரியது. பொய்ச் சம்பளச் சீட்டு கொடுத்து, ஆரம்பத்திலிருந்தே கட்டும் எண்ணமில்லாமல் கார்டு வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை. பிறகு கஷ்டம் வந்து கட்ட முடியாமல் போனவருக்கு இது பொருந்தாது. ஐந்தாறு கார்டுகளை ஒரே மாதத்தில் வாங்கி, லிமிட் முழுவதையும் பணமாக்கி, ஒரு தவணைகூடக் கட்டாதவருடைய எண்ணத்தை நிரூபிப்பது அவ்வளவு கடினமும் இல்லை.

சிவில் சிறை என்று ஒன்று இருக்கிறது. தீர்ப்பை நிறைவேற்றக் கடனாளியை மூன்று மாதம் வரை சிறையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு நிபந்தனைகள் போடுகிறது. கட்ட வசதி இருந்தும் மறுத்தார், சொத்தை மோசடியாக மாற்றினார், ஓடிப்போகப் பார்க்கிறார் என்பதுபோல் ஏதாவது நிரூபணமாக வேண்டும். 1980-இல் கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை அழுத்தமாகச் சொன்னார்: வெறுமனே கட்டத் தவறியது மட்டும் போதாது, அதன் பின்னால் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும், வறுமை குற்றமல்ல. ஏழைக் கடனாளிக்குக் கேடயமாக எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பை, நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு கட்டாமல் விட்டவர் மேற்கோள் காட்ட முடியாது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யக்கூடாது என்று அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன், மிரட்டல் அழைப்புகள் பெண்களுக்குத்தான் அதிகம் பயம் காட்டுகின்றன.

செட்டில்மென்ட்

ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை எழுபதாயிரத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வங்கி சொன்னால் ஆசை வரத்தான் செய்யும். இதை எதிர்பார்த்தே ஆறு மாதம் வேண்டுமென்றே நிறுத்திவைப்பவர்களும் உண்டு. அந்தத் தந்திரம் எனக்குச் சரியாகப் படவில்லை. அறத்தை விடுங்கள், கணக்கே இடிக்கிறது. ஆறு மாதத்தில் ஏறும் வட்டியும் கட்டணமும் தள்ளுபடியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். எழுபதாயிரத்தை ஒரே தடவையில் அல்லது சில மாதங்களில் புரட்ட வேண்டும். அறிக்கையில் "செட்டில்டு" என்று ஏறும். அதற்கும் "குளோஸ்டு" என்பதற்கும் கடன் அதிகாரி கண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேலும், சமரசமாக முடித்த கடனாளிக்கு அந்த வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் நெறிமுறை சொல்கிறது. நடைமுறையில் மற்ற வங்கிகளும் தள்ளியே நிற்கும்.

ஆனால் ஏற்கெனவே கணக்கு கெட்டுவிட்டவருக்கு, வேலை போய் ஒரு வருடம் ஆனவருக்கு, செட்டில்மென்ட் நல்ல வழி. கறை ஏற்கெனவே விழுந்தாயிற்று. தொகையாவது குறையட்டும். அவர் கவனிக்க வேண்டியவை சில. வங்கியின் கடிதத் தாளில் தொகை, கெடு தேதி, அதோடு முழுப் பாக்கியும் தீர்ந்தது என்ற வாசகம் மூன்றும் வராமல் ஒரு ரூபாய் கொடுக்கக்கூடாது. முகவரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பவே கூடாது, கார்டு கணக்குக்கே கட்ட வேண்டும். ஒரு தவணை தவறினாலும் ஒப்பந்தம் முறிந்து பழைய தொகை முழுவதும் திரும்ப வரும் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். வரப்போகும் தேதி போட்ட செக் கொடுக்காமல் இருப்பது மேல், 138 நினைவிருக்கட்டும். கட்டி முடித்தபின் 30 நாளுக்குள் வங்கி தகவல் நிறுவனங்களில் நிலையை மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும், எடுத்துப் பாருங்கள்.

மக்கள் நீதிமன்றத்திலிருந்து, அதாவது லோக் அதாலத்திலிருந்து, கடிதம் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். வங்கி மேலாளருக்கு அங்கே முடித்துக்காட்ட வேண்டிய நெருக்கடி இருக்கும், பேரத்துக்கு நல்ல இடம். சம்மதித்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். போட்டால் அது சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

உண்மையிலேயே முடியாதபோது

மாத வருமானத்தில் சோறு, வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் போக எதுவும் மிஞ்சாத நிலையில், ஏதோ ஒரு கடனைக் கட்டாமல் விட்டே ஆக வேண்டும் என்றால், கார்டை விடுங்கள். வீட்டுக் கடனையும் நகைக் கடனையும் விடாதீர்கள். கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. வீடு ஏலத்துக்கு வந்தால் வீடு போயிற்று. கார்டுக்காரர் உங்கள் சொத்தை நெருங்க வேண்டுமானால் கோர்ட், தீர்ப்பு, நிறைவேற்று மனு என்று நெடுந்தூரம் நடக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்டுக்காரர் தினமும் பத்து முறை கூப்பிடுகிறார், வீட்டுக் கடன் வங்கி மரியாதையாகக் கடிதம் போடுகிறது. சத்தமாகக் கேட்பவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறார்கள்.

அதுபோலவே பிஎஃப் பணத்தை எடுத்துக் கார்டுக்குக் கட்டுவது. வருங்கால வைப்பு நிதியை எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்ய முடியாது. சட்டம் பூட்டிவைத்திருப்பதை நாமே திறந்து கொடுப்பது எதற்கு? ஓய்வுக்குப் பல வருடம் இருக்கும், கடன் சிறியது, மற்ற வழியே இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கட்ட முடியாதவருக்கும் மரியாதை உண்டு. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்வது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது எல்லாம் தடை. அழைப்பைப் பதிவு செய்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் போகலாம். குடும்பத்தினர் கையெழுத்துப் போடாத கடனுக்கு அவர்கள் பொறுப்பில்லை. கார்டுதாரர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும், அவர்களுடைய சொந்தச் சம்பாத்தியத்தில் அல்ல.

மஞ்சள் கடுதாசி கொடுப்பது, அதாவது திவால் மனு, கடைசி வழி. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. அதனால் சென்னை போன்ற பழைய மாகாணத் தலைநகரங்களில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் என்று பழையவைதான் இன்னும் ஓடுகின்றன. இங்கும் நேர்மைதான் கேள்வி. சொத்தை மறைத்தவருக்கு விடுவிப்பு கிடைப்பது கடினம். ஒன்றிரண்டு கார்டுக்காக யாரும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அப்படியானால் யாருக்கு எது

சம்பளம் வருகிறது, இன்னும் ஒரு தவணைகூடத் தவறவில்லை என்பவருக்குப் பதில் எளிது. ஸ்கோர் நன்றாக இருக்கும்போதே தனிநபர் கடனுக்கு மாற்றிவிடுங்கள். தவறிய பிறகு அந்த 16 சதவீதம் கிடைக்காது. வேண்டுமென்றே நிறுத்தும் யோசனையின் மிகப் பெரிய நஷ்டம் இதுதான், மலிவான கதவு முதலில் மூடிவிடும். கார்டு நிறுவனமே பாக்கியைத் தவணையாக மாற்றித் தருவதும் உண்டு. அதில் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், செயலாக்கக் கட்டணம் இருக்கும். சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்த பிறகும் தனிநபர் கடனைவிட மலிவாக இருந்தால் எடுக்கலாம். நகைக் கடன் வட்டி இன்னும் குறைவு. ஆனால் அடமானமில்லாத கடனை அடமானக் கடனாக மாற்றுகிறோம் என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும், வருமானம் ஆட்டம் காண்பவருக்கு அது ஆபத்து.

ஒன்றிரண்டு தவணை தவறிவிட்டது, 90 நாள் ஆகவில்லை என்றால் வங்கிக்கு எழுதுங்கள். வேலை போன கடிதம், மருத்துவமனை ரசீது எது உண்டோ இணைத்து, மாதம் இவ்வளவு முடியும் என்று ஒரு எண்ணைச் சொல்லுங்கள். கடிதம் காலவரம்பைப் புதுப்பிக்கும் என்பது உண்மை. ஆனால் பின்னால் கோர்ட்டில் "இவர் ஏய்க்கவில்லை" என்று காட்டவும் அதே கடிதம்தான் இருக்கும். கட்டித் தீர்க்க நினைப்பவருக்கு இது நஷ்டமில்லை.

பல கார்டு உள்ளவர் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தூவ வேண்டாம். மற்றவற்றுக்கு மினிமம், வட்டி அதிகமான ஒன்றுக்கு மீதி முழுவதும். அது தீர்ந்ததும் அடுத்தது. இரண்டில் வட்டி ஒன்றாக இருந்தால், சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் கார்டை முதலில் தீருங்கள், காரணம் மேலே சொன்ன பற்றுரிமை.

கடனை மாற்றியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தனிநபர் கடனால் கார்டு பாக்கி பூஜ்யமாகிவிடும், லிமிட் முழுவதும் மறுபடி காலியாகக் கண்ணில் படும். ஆறு மாதத்தில் தவணையும் இருக்கும், புதிய கார்டு பாக்கியும் இருக்கும். பாக்கி தீர்ந்த அன்றே கார்டை மூடச் சொல்லி எழுதிவிடுங்கள். நிலுவை ஏதும் இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களில் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வீதம் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும்.